பதினோரு இழைத் திருட்டு

நீங்கள் இப்போது உடுத்தியிருக்கும் துணி எதனால் ஆனது? உள்ளே தைத்திருக்கும் சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் சொல்லுங்கள். பருத்தியா, பாலியஸ்டரா, இரண்டும் கலந்ததா? தெரியாது, இல்லையா? வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு விற்ற கடைக்காரருக்கும் தெரியாது. அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. எல்லோரும் சீட்டைப் பார்த்துத்தான் சொல்கிறோம். அந்தச் சீட்டை எழுதியது யார் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப் பிராணி என்பார்கள். கேட்காமல் இருப்பதற்கு நாகரிகம் என்று பெயர்.

கேட்ட ஒருவரின் கதை இது. கேட்டதற்கு அவருக்குக் கிடைத்த பட்டம், திருடி.

அவர் ஒரு துணி அச்சு ஆலையின் வரவுப் பிரிவில் வேலை பார்த்தார். வெள்ளைத் துணி வெளியிலிருந்து பொதி பொதியாக வரும். அதை இறக்கிப் பிரித்து, எந்த எந்திரத்துக்கு அனுப்புவது என்று பார்க்கும் இடம் அது. அவருடைய பதவிப் பெயர் உதவியாளர். யாருக்கு உதவி, எதில் உதவி என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. ஆலையில் எல்லோரும் அவரை மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. அதை அவர் பயன்படுத்தினார், அவ்வளவுதான். கழுத்துக்கு மேலே உள்ள உறுப்பொன்றை வேலைக்குப் பயன்படுத்துவது, பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அந்த ஆலையில் அபூர்வமாக இருந்தது.

பொதியிலிருந்து ஓர் இழையை உருவுவார். சின்ன இடுக்கியால் பிடித்து, ஒரு தகரத் தட்டுக்கு மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுவார். காகிதம் கருகும் வாடை வந்து, ஊதினால் சாம்பல் பறந்தால் பருத்தி. முடி பொசுங்கும் வாடை என்றால் பட்டு, இல்லாவிட்டால் கம்பளி. இழை எரியாமல் உருகிச் சுருண்டு, கறுப்புப் புகை கக்கி, நுனியில் கடுகு மாதிரி ஒரு கெட்டி முத்தை விட்டுவிட்டுப் போனால் பாலியஸ்டர். மரக்கூழில் செய்கிற விஸ்கோஸ் என்று ஒன்று உண்டு, பருத்தி மாதிரியே எரிந்து ஏமாற்றும். அதற்கு எச்சில் போதும். நனைத்து இழுத்தால் விஸ்கோஸ் பட்டென்று அறுந்துவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் முறுக்கிக்கொள்ளும், சில மனிதர்களைப் போல.

"ஒண்ணு" என்பார் மூக்கக்கா. இல்லாவிட்டால் "ரெண்டு." இல்லாவிட்டால் "மூணு." எந்திரத்தின் எண், அவ்வளவுதான் ஆய்வறிக்கை. அந்த ஒற்றைச் சொல்லை மேலாளர் படிவத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்துவார். துணியில் சாயம் நின்றால் அது மேலாளரின் நிர்வாகத் திறமை. நிற்காமல் போனால் யாருடைய தவறு என்று பன்னிரண்டு வருடமாக, அவர் வேலைக்கு வந்த நாட்களில், யாரும் யோசிக்க வேண்டி வரவில்லை.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். பெரிதில்லைதான், ஆனால் ஏமாற்ற முடியாத வித்தை. ஒன்றாம் எந்திரத்தில் ரியாக்டிவ் சாயம். அது பருத்தி இழையோடு வேதிமுறைப்படி கைகோத்துக்கொள்ளும். ஆவியில் வேகவைத்து, வெந்நீரில் அலசினாலும் கையை விடாது. அதே சாயத்தைப் பாலியஸ்டரில் அடித்தால் கை நீட்ட ஆளிருக்காது. தண்ணீரையே உள்ளே விடாத கல்நெஞ்சு அது. பாலியஸ்டருக்கு இரண்டாம் எந்திரம். படத்தை முதலில் காகிதத்தில் அடித்து, துணிமேல் வைத்து, இருநூறு டிகிரிச் சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள் புகுந்துகொள்ளும். அதைப் பருத்தியில் செய்தால் முதல் சலவைக்கே படம் கோவித்துக்கொண்டு போய்விடும். இரண்டும் கலந்த துணிக்கு மூன்றாம் எந்திரம், பிக்மெண்ட். பசை சேர்த்து மேலே ஒட்டவைப்பது. எந்தத் துணியிலும் உட்காரும், ஆனால் கூப்பிடாத விருந்தாளி மாதிரிக் கொஞ்சம் விறைப்பாகவே உட்கார்ந்திருக்கும்.

இதில் கொடுமை, தப்பான சாயத்தை அடித்தாலும் அடித்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. பளபளவென்று அசல் மாதிரியே இருக்கும். அலசும் தொட்டிக்குப் போன பிறகுதான் உண்மை தெரியும். 'சாயம் வெளுத்துப்போச்சு' என்பது மற்றவர்களுக்கு மரபுத்தொடர். அந்த ஆலையில் அது விபத்துச் செய்தி.

மூக்கக்கா இதை எங்கே படித்தார்? குப்பையில். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஆலையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, வெட்டி எறிந்த துண்டுத் துணிகளைப் பின்பக்கம் குவித்து எரிப்பது. ஏழு வருடம் எரித்தார். எது எப்படிப் புகைகிறது, எது கண்ணைக் கரிக்கிறது, எந்தச் சாம்பல் காலில் ஒட்டி மறுநாளும் போகாமல் இருக்கிறது என்று ஏழு வருடம் பார்த்தார். பிறகு, அப்படி எரிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம், ஏழு வருடம் தாமதமாக வந்தது. அவரை வரவுப் பிரிவுக்கு மாற்றினார்கள், பொதி மடிக்க. அங்கே வந்த இரண்டாம் நாள் ஒரு பொதியை முகர்ந்து பார்த்து, "இதைப் பருத்தின்னு யார் சொன்னது?" என்றார். அதிலிருந்துதான் பெயர் வந்தது. பதவி வரவில்லை.

நடுவே ஒரு முறை பத்து நாள் விடுப்பு எடுத்தார். அவர் கணவர் பேருந்து நடத்துநர். படியில் நிற்காதீர்கள் என்று ஊரெல்லாம் கத்துகிறவர், படியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்தப் பத்து நாளில் ஒன்றாம் எந்திரத்தில் அடித்த மூன்று சரக்கு அடுத்தடுத்துத் தொட்டியில் வெளுத்தது. முதலாளி கலங்கிப்போனார். மூன்று பொதிகளிலும் என்ன துணி என்று பார்த்திருக்கலாம். அவர் திசை பார்க்கும் நிபுணர் ஒருவரை வரவழைத்தார். நிபுணர் ஒரு கருவியோடு ஆலையைச் சுற்றி வந்து, ஒன்றாம் எந்திரத்தின் முகம் தவறான பக்கம் இருக்கிறது என்றார். எந்திரத்தின் முகம் எது என்பதில் நிபுணருக்கும் ஃபோர்மேனுக்கும் அரை நாள் விவாதம். கடைசியில் தளத்தைப் பெயர்த்து, பாரந்தூக்கி கொண்டுவந்து, நான்கு டன் எந்திரத்தைத் திருப்பி வைத்தார்கள். மறுநாள் மூக்கக்கா வேலைக்குத் திரும்பினார். சாயமும் திரும்பி வந்து நின்றது. நிபுணருக்கு முதலாளி கையெழுத்திட்ட நற்சான்று கிடைத்தது. மூக்கக்காவுக்கு, விடுப்பில் ஒரு நாள் அதிகம் எடுத்ததாக மெமோ கிடைத்தது.

பிறகு தீப் பாதுகாப்பு ஆய்வு வந்தது. ஆலைக்குள் எங்கும் தீக்குச்சி கூடாது என்று தடை போட்டார்கள். தடை சரியானதுதான். துணி அடுக்கிய இடத்தில் நெருப்போடு விளையாடுவது பைத்தியக்காரத்தனம். மூக்கக்காவே அதைப் பல வருடம் சொல்லி, ஒரு தனி அறை கேட்டு, கிடைக்காமல் போனவர். தன் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டபோது அவர் மேலாளரிடம் ஒன்றுதான் கேட்டார்.

"சார், அப்போ இனிமே துணியை எப்படிப் பார்க்கிறது?"

"சர்டிஃபிகேட் வருதுல்லம்மா? அதைப் பாரு."

"அது பேப்பர் சார். அதைக் கொளுத்தினா எப்பவும் பருத்தி வாடைதான் வரும்."

மேலாளர் சிரிக்கவில்லை. மூக்கக்கா விதியை மீறவும் இல்லை. ஒவ்வொரு பொதியிலிருந்தும் ஓர் இழையை உருவி, காகிதத் துண்டில் மடித்து, பொதி எண் எழுதி, மதிய இடைவேளையில் ஆலைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போவார். டீக்கடைக்காரரின் அடுப்பில் ஓரமாகக் காட்டிப் பார்ப்பார். வந்து எண்ணைச் சொல்வார். இரண்டு மாதம் இப்படியே போனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் படுக்கை விரிப்பு அச்சிடும் வேலை வந்தது. பதினோரு பொதி துணி. கூடவே தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ், 'நூறு சதவீதம் பருத்தி' என்று. மேலாளர் சரக்கு இறங்கும்போதே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூக்கக்கா ஒரு முனையைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டார். பருத்தியில் விழுகிற சுருக்கம் நிற்கவில்லை. துணி ஒன்றுமே நடக்காத மாதிரி விரிந்துகொண்டது.

"சார், இது சந்தேகமா இருக்கு. மதியம் வரைக்கும் பொறுங்க."

"நான் கையெழுத்துப் போட்டாச்சும்மா."

"துணிக்கு அது தெரியாதே சார்."

இந்தப் பதில்தான் அவருக்கு வினையாகியிருக்க வேண்டும்.

அன்று மதியம் வாசலில் காவலாளி அவரை நிறுத்தினார். காவலாளிக்கு ஆலையில் பெயர் எண்ணிக்கை. எதையும் எண்ணாமல் விடமாட்டார். சாப்பாட்டுத் தூக்கை எண்ணுவார், குடையை எண்ணுவார், தும்மலைக்கூட எண்ணுவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். துண்டுத் துணி காணாமல் போகிறது என்று அந்த வாரம்தான் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

"தங்கச்சி, பையைத் திற."

"திறந்துதானே இருக்கு அண்ணே."

"இது என்ன பொட்டலம்?"

"துணியில உருவின இழை. பொதிக்கு ஒண்ணு, பதினொண்ணு. கடை அடுப்புல காட்டிட்டு வந்துருவேன்."

"திரும்பக் கொண்டு வருவியா?"

"எரிச்சதை எப்படிண்ணே கொண்டு வர்றது?"

"அப்போ ஆலைச் சொத்து வெளியே போகுது, உள்ளே வரலை."

"என் துணியில ஒட்டிக்கிட்டு தினம் இதைவிட அதிகம் வெளியே போகுதுண்ணே."

"அது ஒட்டிக்கிட்டுப் போறது. இது மடிச்சு எடுத்துட்டுப் போறது. அறிவிப்புல 'நூல்முனைகூட'ன்னு போட்டிருக்கு பார். நான் போடலைம்மா, அவங்க போட்டாங்க."

எண்ணிக்கை பதினோரு பொட்டலங்களையும் எண்ணி, ஓர் உறைக்குள் போட்டு, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் நேரத்தோடு எழுதினார். அவருக்கு மூக்கக்காமேல் பகை கிடையாது. எண்ணிக்கைமேல் காதல், அவ்வளவுதான். செய்தி மேலாளருக்குப் போனது. ஒரு மணி நேரத்தில் மூக்கக்கா தற்காலிகப் பணிநீக்கம். விசாரணையில் திருட்டு நிரூபணமானால் நிரந்தர நீக்கம். பிறகு எந்த ஆலையும் வாசல்படி ஏற்றாது. அந்தத் தொழிலில் எல்லா வாசலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும்.

அன்று மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, கணவரின் தங்கை முதல் வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள். அவள் அதே ஆலையின் அலுவலகத்தில் தட்டச்சர். அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

"அண்ணி, உப்பு கொஞ்சம் கம்மி. அப்புறம், உங்க மேல ஒரு குற்றச்சாட்டு டைப் பண்ணினேன்."

கணவர் தட்டை நகர்த்தினார். "ஏண்டி, சொந்த அண்ணன் பொண்டாட்டி மேலயே டைப் பண்ணினியா?"

"நான் பண்ணலைன்னா வேற யாராவது பண்ணுவாங்க, எழுத்துப்பிழையோட. அதுக்கு இது தேவலை இல்லையா?"

"என்னடி போட்டிருக்கு? திருடின்னா?" என்று கேட்டார் மூக்கக்கா.

"மேனேஜர் 'திருடினார்'னுதான் சொன்னார். நான் 'களவாடிச் சென்றார்'னு போட்டேன். கேக்கக் கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு."

"ரொம்பப் பெரிய மனசுடி உனக்கு. எதைக் களவாடினேனாம்?"

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "'ஆலைக்குச் சொந்தமான நூறு சதவீதப் பருத்தித் துணியின் இழைகள், எண்ணிக்கை பதினொன்று.'"

மூக்கக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. "அப்படியேவா எழுதியிருக்கு? நூறு சதவீதம்னு?"

"சர்டிஃபிகேட்ல இருக்கிற மாதிரியே போடச் சொன்னார். ரெண்டு தடவை அழுத்திச் சொன்னார்."

"அப்போ நான் திருடலை."

"என்ன அண்ணி?"

"அந்த மாதிரி ஒண்ணு அங்க இல்லவே இல்லைடி. இல்லாததை எப்படித் திருடுறது?"

கணவர் யோசித்தார். "நீயே இன்னும் கொளுத்திப் பார்க்கலையே. ஒருவேளை அது நிஜமாவே பருத்தியா இருந்தா?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு முனையைக் கசக்கிப் பார்த்ததைத் தவிர அவர் கையில் சாட்சி எதுவும் இல்லை. இழைகள் உறைக்குள் இருந்தன. பத்தொன்பது வருடமும் அதே உறைக்குள்தான் இருந்தது.

நான்காம் நாள் நாத்தனார் அலுவலகத்திலிருந்து சிரிப்பை அடக்கியபடி வந்தாள். விரிப்புகளை ஒன்றாம் எந்திரத்தில் அடித்திருந்தார்கள். வெள்ளைத் துணி முழுக்க நீலமும் ஆரஞ்சுமாக மீன்கள். மேலாளர் பக்கத்தில் நின்று படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினார். பிறகு ஆவி, பிறகு தொட்டி. தொட்டிக்குள் போனதும் ஆறாயிரம் மீன்களும் துணியை விட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டன. கழிவுநீர்க் கால்வாய் அன்று முழுக்க வண்ணமாக ஓடியது. துணியில் மீன்களின் வெளிறிய நிழல் மட்டும் மிஞ்சியது.

"மேனேஜர் என்னடி சொல்றார்?"

"தண்ணி சரியில்லைங்கிறார். பருத்தியில்லைன்னு ஒத்துக்கிட்டா அவர் கையெழுத்துப் போட்டது என்ன ஆகும்? அப்புறம் அண்ணி, எண்ணிக்கைகிட்ட போய் அந்த உறையைக் கேட்டாராம். எழுத்துல கொடுங்க சார்னு சொல்லிட்டாராம் அவர்."

ஒன்பதாம் நாள் விசாரணை. குளிரூட்டிய அறை. நடுவில் விசாரணை அதிகாரி, ஓய்வுபெற்ற வழக்கறிஞர், கடுமையான ஜலதோஷம். ஒரு பக்கம் மேலாளர், பாதுகாப்பு அலுவலர். இன்னொரு பக்கம் சாட்சியாக எண்ணிக்கை, ஒட்டிய உறையோடு. மூலையில் குறிப்பெடுக்க நாத்தனார். மூக்கக்கா தனியாக எதிரே.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்றார் அதிகாரி, கைக்குட்டைக்குள்ளிருந்து.

"ஒத்துக்கறேன் சார். அது பருத்தின்னு காட்டுங்க, போதும். காட்டிட்டா நான் திருடிதான். இன்னைக்கே வேலையை விட்டுடறேன். எழுதியும் தர்றேன்."

அதிகாரி கைக்குட்டையை இறக்கினார். அவர் நடத்திய விசாரணைகளில் எல்லோரும் இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். யாரும் நிபந்தனை வைத்ததில்லை.

"சர்டிஃபிகேட் இருக்கு சார்" என்றார் மேலாளர்.

"பருத்தின்னா சாயம் ஏன் சார் போச்சு?" என்றார் மூக்கக்கா. "பருத்தி இல்லைன்னா, இல்லாத துணியை நான் எங்க திருடினேன்? ரெண்டுல ஒண்ணு நீங்களே சொல்லுங்க."

மேலாளர் தண்ணீரைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். அதிகாரி கை காட்டி நிறுத்தினார். "எப்படிம்மா காட்டுறது?"

"கொளுத்தித்தான் சார்."

பாதுகாப்பு அலுவலர் எழுந்துவிட்டார். "இந்த வளாகத்துக்குள்ள முடியவே முடியாது."

"அவர் சொல்றது ரொம்பச் சரி சார்" என்றார் மூக்கக்கா. "அதுக்குத்தான் வெளியே எடுத்துட்டுப் போனேன்."

நாத்தனார் குறிப்பேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஆக, விசாரணை மன்றம் முழுவதும் டீக்கடைக்குக் கிளம்பியது. எண்ணிக்கை உறையை அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் வாசலில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரி வாசலைத் தாண்டும்போது கையை நீட்டினார்.

"சார், உறையில என்ன?"

"நீங்கதானேய்யா இப்போ கொடுத்தீங்க?"

"கொடுத்தது அங்க. இது வாசல். கேட்கணும், கேட்கிறேன்."

"நூல்."

"எத்தனை?"

"பதினொண்ணு!"

"வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு?"

"நான் விசாரணை அதிகாரிய்யா."

"அந்தம்மாவுக்கும் பத்தொன்பது வருஷம் சர்வீஸ் சார். அனுமதிச் சீட்டு இல்லைன்னுதான் நிறுத்தினேன்."

அதிகாரி கையிலிருந்த உறையைப் பார்த்தார். தான் அந்த நொடியில் யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆலைச் சொத்தை வெளியே எடுத்துச் செல்கிறார், திரும்பக் கொண்டுவரும் உத்தேசம் இல்லை. மேலாளரை அழைத்து அனுமதிச் சீட்டு எழுதச் சொன்னார்கள். சீட்டில் இரண்டு கட்டம். 'திரும்பி வரும்', 'திரும்பி வராது'. இரண்டாவதில் குறியிட்டால் முதலாளியின் ஒப்புதல் வேண்டும், அவர் வெளியூரில். மேலாளர் முதல் கட்டத்தில் குறியிட்டார்.

டீக்கடையில் மூக்கக்கா இடுக்கியை அதிகாரியிடமே கொடுத்தார். "நான் தொடலை சார். நீங்களே பாருங்க."

"எனக்கு மூக்கே அடைச்சிருக்கும்மா. வாடை எப்படித் தெரியும்?"

"மூக்கு வேணாம் சார். விரல் போதும். முதல்ல உங்க கைக்குட்டையில ஒரு இழை எடுங்க. அது பருத்திதானே?"

"என் மனைவி அப்படித்தான் சொல்வாள்."

"அதையும் பார்த்துடலாம்."

அதிகாரி தன் கைக்குட்டை ஓரத்தில் ஓர் இழை உருவி நெருப்பில் காட்டினார். பற்றியது, எரிந்தது, சாம்பலை விரலால் தொட்டதும் பொடியாகிப் பறந்தது. அவர் முகத்தில் குடும்ப அமைதி திரும்பியது. மேலாளர் தன் சட்டை நுனியைக் கால்சட்டைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

பிறகு உறையைப் பிரித்தார்கள். முதல் பொதியின் இழை. கொஞ்சம் எரிந்தது. கொஞ்சம் சாம்பலும் வந்தது. மேலாளர் "பாருங்க!" என்று வாயைத் திறப்பதற்குள் மீதி சுருண்டது, புகை கறுத்தது. அதிகாரி ஆறவிட்டு நுனியை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். பொடியாகவில்லை. நகத்தால் நெருக்கினார். பல்லால் கடிக்கப் போனவரை டீக்கடைக்காரர் தடுத்தார். பதினோரு இழையும் அதே கதை. பருத்தி பேருக்குக் கொஞ்சம், பாலியஸ்டர் பெரும்பகுதி. ஒரு தட்டில் பதினோரு கறுப்பு முத்து.

திரும்பும்போது எண்ணிக்கை அனுமதிச் சீட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். "திரும்பி வரும்னு போட்டிருக்கே?" மேலாளர் வேறு வழியில்லாமல் தட்டை நீட்டினார். எண்ணிக்கை எண்ணினார். பதிவேட்டில் எழுதினார், 'போனது: வெள்ளை இழை, பதினொன்று. வந்தது: கறுப்பு முத்து, பதினொன்று. கணக்கு சரி.' அந்த ஆலையில் அந்த வாரம் எழுதப்பட்ட ஒரே உண்மையான ஆவணம் அதுதான்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆறு நாள் கழித்து உத்தரவு வந்தது. அதையும் நாத்தனார்தான் தட்டச்சு செய்தாள். 'குற்றச்சாட்டு ஐயமின்றி நிரூபிக்கப்படாததால், சந்தேகத்தின் பலனை அளித்து, இனி இவ்வாறு நடவாதிருக்குமாறு எச்சரித்து, மீண்டும் பணியில் சேர அனுமதிக்கப்படுகிறார்.' கீழே, பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

மூக்கக்கா இரண்டு தடவை வாசித்தார். "யாருடி சந்தேகப்பட்டது?"

"அது வழக்கமா எழுதுறது அண்ணி. எல்லா உத்தரவுலயும் வரும்."

"நான் சந்தேகப்படலை. அந்த அதிகாரி கையால தொட்டுப் பார்த்தார், அவரும் சந்தேகப்படலை. மேனேஜருக்குத் தெரியாம இருக்குமா? யாருக்குமே இல்லாத சந்தேகத்துல எனக்கு என்ன பலன்?"

"வேலை கிடைச்சுருச்சுல்ல?" என்றார் கணவர். "கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன். பேப்பர்தானே அது."

"பேப்பரை நம்பித்தானே என்னைத் திருடின்னாங்க. நான் குத்தம் பண்ணலைன்னு எழுதச் சொல்லுங்க, போடறேன். எச்சரிக்கையாம் எச்சரிக்கை! எதைப் பண்ணக்கூடாதுன்னு எச்சரிக்கிறாங்க? கேக்கிறதையா?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. நாற்பது நாள் ஆகிறது. மருத்துவமனைக்கு வேறு துணி, அதையும் சான்றிதழ் பார்த்தே வாங்கினார்கள். நடுவே ஒரு நாள் மேலாளர் ஓர் இழையைப் பொட்டலம் கட்டி நாத்தனாரிடம் கொடுத்து, "அண்ணிகிட்ட சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா" என்றார். பொட்டலம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது, மேலே ஒரு சீட்டோடு. 'முதலில் அந்த வரியை மாற்றுங்கள்.' மாற்றுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். தட்டச்சு செய்ய ஆள் தயாராக இருக்கிறாள். ஆனால் மாற்றினால், குற்றமற்ற ஒருவரைத் திருடி என்றவர் யார் என்ற அடுத்த வரியையும் எழுத வேண்டியிருக்கும். அந்த வரிக்குக் கையெழுத்துப் போட அங்கே ஆளில்லை.

இதை வாசிக்கிறவர்களில் மேசையும் பேனாவும் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். பள்ளியில், அலுவலகத்தில், சங்கத்தில், குடியிருப்புக் குழுவில் யாராவது ஒருவர்மேல் வந்த புகாரை என்றைக்காவது உங்கள் முன்னால் வைப்பார்கள். விசாரித்து முடித்து, 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று எழுதக் கை பழக்கத்தில் போகும். தயவுசெய்து அங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சந்தேகம் யாருடையது என்று அதே வரியில் பெயரோடு எழுதுங்கள். எழுதப் பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, 'இவர் குற்றம் செய்யவில்லை' என்று எழுதி, உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.